எம்ஜிபி-க்கு ஓர் அறுபதுகளின் பந்தய இன்ஜின்: பட்டறைக் குறிப்புகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பந்தய இன்ஜின் கட்டுவதாகச் சொன்னால், எத்தனை குதிரைத் திறன் வரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. நிமிடத்துக்கு 6,500 சுற்றில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் முதலில். 1963 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்துக்குப் போன கம்பெனி எம்ஜிபி-கள் இரண்டும் பேரிங் போய்ப் பாதியிலேயே நின்றன. அதே ஆண்டு ஜூனில் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய கார், மணலில் புதைந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தோண்டி வெளியே எடுக்கப்பட்டு, அதற்கப்புறமும் 12-ஆவதாக முடித்துத் தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. 1966-ல் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓடும் மாரத்தான் டி லா ரூட் போட்டியை ஓர் எம்ஜிபி ஒட்டுமொத்தமாகவே ஜெயித்தது. இந்தக் கார் பேர் வாங்கியதெல்லாம் கடைசி வரை ஓடித்தான்.

அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் இந்த இன்ஜினைக் கட்டினேன். கார் 1965-ஆம் ஆண்டு ரோட்ஸ்டர். நான் இருப்பது இங்கிலாந்தில். எம்ஜி தொழிற்சாலை இருந்த அபிங்டன் இங்கிருந்து அதிக தூரமில்லை. 1966-க்கு முந்தைய கார்களுக்கான வரலாற்றுப் பந்தயங்களில் ஓட்ட வேண்டும் என்பதால் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிகளுக்குள் நிற்க வேண்டும். வார்ப்பிரும்பு ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), ஒரே ஒரு வெப்பர் கார்புரேட்டர், பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், கேமின் தள்ளலை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் புஷ்ராடு. கலவை ஒரு பக்கம் போய்ப் புகை மறுபக்கம் வரும் அலுமினிய கிராஸ்ஃப்ளோ ஹெட் வாங்கிப் போட்டால் இதைவிட அதிக சக்தி சுலபமாக வரும். ஆனால் அது வேறு இன்ஜின்.

பிளாக்கும் கிராங்க்கும்

பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் இன்ஜின் 1,200 சிசி ஆஸ்டின் ஏ40-க்காக 1940-களின் கடைசியில் பிறந்தது. எம்ஜிபி-யில் அது 1,798 சிசி: போர் (சிலிண்டரின் விட்டம்) 80.26 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மிமீ. நீள ஸ்ட்ரோக் இன்ஜின். 6,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 19 மீட்டரைத் தாண்டிவிடும். அதனால்தான் 7,000-க்கு மேல் முறுக்க எனக்கு ஆசையே இல்லை.

படங்களை மதுரையில் டாக்சி ஓட்டிய என் மாமாவுக்கு அனுப்பியிருந்தேன். "ஏ மாப்ள, இது நம்ம அம்பாசிடர் இன்ஜின்ல?" என்றார். தப்பே இல்லை. அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே பி-சீரிஸ்தான். போர் மட்டும் 73 மிமீ, ஸ்ட்ரோக் அதே 88.9. பெரிய வித்தியாசம் கீழே இருக்கிறது. அம்பாசிடரிலும் 1964 வரையான எம்ஜிபி-யிலும் பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்கைத் தாங்குவது மூன்று மெயின் பேரிங். 1964 அக்டோபரில் வந்த 18ஜிபி வகை இன்ஜினிலிருந்து ஐந்து. மூன்று பேரிங் கிராங்க் உராய்வு குறைவாகச் சுற்றும், சக்தியும் கொஞ்சம் கூடும் என்று சொல்லி அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் ஓட்டுவது பத்து, பதினைந்து நிமிடப் பந்தயமாக இருக்கலாம். எனக்கு ஐந்துதான் சரி. பின்பக்கம் ஒழுங்கான ஆயில் சீல் இருக்கிறது என்பது கூடுதல் லாபம். மூன்று பேரிங் இன்ஜினில் கிராங்கில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும், அதுவும் இன்ஜின் சுற்றும்போது மட்டும்.

பிரித்தபோது பிளாக்கின் தண்ணீர் அறைகளில் அறுபது வருடச் சேறு. பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக்குகளை எல்லாம் தட்டி எடுத்துவிட்டு, கம்பியை விட்டுச் சுரண்டி, அப்புறம்தான் கெமிக்கல் தொட்டிக்கு அனுப்பினேன். ஆயில் பாதைகளின் முனையில் இருக்கும் அடைப்புகளையும் கழற்றி, உள்ளே நீளமான பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். இதை ஒருமுறையாவது கையால் செய்யாமல் தொட்டியை மட்டும் நம்பினால், மூலையில் ஒட்டியிருக்கும் பழைய இரும்புத்தூள் புது பேரிங்குக்குத்தான் போய்ச் சேரும்.

போர் 40 தவ் (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) பெரிதாக்கப்பட்டது. 81.28 மிமீ. கணக்குப் போட்டால் 1,845 சிசி. போர் செய்யும்போது பிளாக்கின் மேல் கனமான இரும்புத் தகடு ஒன்றை, ஹெட்டை இறுக்கும் அதே அளவுக்கு இறுக்கி வைத்துத்தான் ஹோனிங் (கடைசியாக உரசி வழவழப்பாக்குவது) செய்யச் சொன்னேன். ஹெட் போல்ட் இழுக்கும் இழுப்பில் போர் சற்றே கோணிப் போகும். அந்தக் கோணல் நிலையிலேயே வட்டமாக்கிவிட்டால், வண்டியில் மாட்டியபின் வட்டமாக இருக்கும். தெருவில் ஓடும் காருக்கு இது தேவையில்லை. பந்தயத்துக்கு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் எண்ணெயை அடக்க வேண்டுமென்றால் தேவை.

ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு போரில் மூன்றரை தவ் இடைவெளி. குளிர்ந்த இன்ஜினில் கொஞ்சம் லொட லொட என்று சத்தம் கேட்கும், சூடானதும் அடங்கிவிடும். ரிங்கை போருக்குள் தனியாக விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜால் முனை இடைவெளியைப் பார்த்தேன். போர் அங்குலத்துக்கு நான்கு தவ் என்ற கணக்கில் 13 தவ்வுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, ரிங் உடைந்து போரைக் கீறிவிடும்.

பழைய கனெக்டிங் ராடுகளின் பிக் எண்ட் (கிராங்கைப் பிடிக்கும் முனை) சாய்வாகப் பிளக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பெட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டு, ஸ்டீல் ராடு போட்டேன். இந்த இன்ஜினில் அதிகச் செலவு வைத்தது கிராங்க்கும் ராடும்தான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. கிராங்க்கை முதலில் விரிசல் சோதனைக்கு அனுப்பி, தேறியபின் கிரைண்ட் செய்து, ஃபிளைவீல், கிளட்ச் கவர், முன் புல்லி எல்லாவற்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்தது ஒரு மெஷின் ஷாப். பிக் எண்டிலும் மெயினிலும் பேரிங் இடைவெளியை இரண்டரை தவ் வரும்படி வைத்தேன். பேரிங்குக்குள் பிளாஸ்டிக் நூலை வைத்து நசுக்கிப் பார்ப்பது ஒரு சரிபார்ப்பு மட்டும். உண்மையான அளவு மைக்ரோமீட்டரிலும் போர் கேஜிலும்தான். மெயின் நட்டுகள் 70 பவுண்டு-அடி. கிராங்கின் முன்பின் ஆட்டம் நான்கு தவ். இறுக்கியபின் கிராங்க் இரண்டு விரலால் சுற்ற வேண்டும். ஒவ்வொரு கேப்பாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்தால் எது பிடிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இன்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து, ஆயில் உறிஞ்சும் குழாயைச் சுற்றி ஒருபக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவுகள் வெல்டு செய்யப்பட்டன. வேகமான நீண்ட வளைவில் எண்ணெய் முழுக்க ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். பம்ப் காற்றை உறிஞ்சும். ஒரு விநாடி போதும் பேரிங் போக. இந்தத் தகட்டு வேலை இன்ஜினிலேயே மலிவான வேலை. நான் பார்த்தவரை பலர் தள்ளிப்போடும் வேலையும் இதுதான்.

ஐந்து வாய் ஹெட்

இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்குப் பெட்ரோல் கலவை உள்ளே போக இரண்டே வழிகள்தான். 1-ம் 2-ம் ஒரு வழியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, 3-ம் 4-ம் இன்னொன்றை. புகை வெளியே போக மூன்று வழிகள். நடுவில் இருப்பது 2-க்கும் 3-க்கும் பொது. எல்லா வாயும் ஒரே பக்கம். கார்புரேட்டரும் சைலன்சர் குழாயும் மேலும் கீழுமாக உட்கார்ந்து ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்.

ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அப்படியென்றால் 2 உறிஞ்சி முடிக்கும் முன்பே 1 உறிஞ்ச ஆரம்பித்துவிடும், அதேபோல் 3-ஐத் தொடர்ந்து 4. ஒரே இளநீரில் இரண்டு பேர் ஸ்ட்ரா போட்ட கதைதான். ஒருவர் கடைசி வாயை இழுக்கும்போது மற்றவர் ஆரம்பிக்கிறார். கேம் எவ்வளவு நேரம் வால்வைத் திறந்து வைக்கிறதோ அவ்வளவுக்கு இந்தச் சண்டை அதிகம். ஆகவே மற்ற இன்ஜின்களில் வேலை செய்யும் மிக நீளமான பந்தய கேம் இங்கே பணத்துக்குத் தகுந்த பலன் தராது. துளைகளை அகலமாகக் குடைந்தாலும் அப்படித்தான், கலவையின் வேகம் போய்விடும்.

என் ஹெட்டில் உள்வழியின் அளவைத் தொடவே இல்லை. வேலை முழுக்க வால்வு சீட்டுக்குக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதியில், கைடு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், இரண்டு சிலிண்டருக்கும் வழி பிரியும் மூக்கில். அந்த மூக்கைக் கூராக்க நினைப்பவர்கள் அதிகம். உருண்டையாக, வழவழப்பாக விட்டாலே போதும். வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டினேன். இன்லெட் வால்வு 39.7 மிமீ, எக்ஸாஸ்ட் 34.1 மிமீ, அந்தக் காலத்து அளவுகள்தான்.

வெட்டுவதற்கு முன்னால் இந்த ஹெட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியது 2-க்கும் 3-க்கும் இடையில் விரிசல் இருக்கிறதா என்று. இரண்டு சிலிண்டரின் புகை ஒரே வாயில் வெளியேறுவதால் அங்கே சூடு அதிகம், விரிசல் விடுவதும் அங்கேதான். நான் வாங்கிய முதல் ஹெட் அப்படித்தான் இருந்தது. விற்றவர் "சோதித்தது" என்று எழுதியிருந்தார். என்ன சோதனை என்று எழுதவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயம் ஊற்றிப் பார்த்துத் தேறிய இன்னொன்றை வாங்கினேன். எக்ஸாஸ்ட் பக்கம் கடின சீட்டு பதிக்கப்பட்டது, இப்போதைய ஈயமில்லாப் பெட்ரோலுக்காக.

எரியும் அறை இதய வடிவத்தில் இருக்கும், ஹாரி வெஸ்லேக்கின் வேலை. அதன் கொள்ளளவை அளப்பது எனக்கு இந்த இன்ஜினில் பிடித்த வேலை. ஹெட்டைத் தலைகீழாக வைத்து, வால்வையும் பழைய பிளக்கையும் மாட்டி, விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி, நடுவில் துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டை ஒட்டி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காற்றுக் குமிழி இல்லாமல் நிறைந்ததும் அளவைப் படிக்கலாம். நான்கு அறைகளுக்கும் இடையில் ஒரு சிசி-க்கு மேல் வித்தியாசம் இருந்தது. சிறியவற்றைச் சுரண்டிப் பெரியதோடு சமன் செய்தேன்.

கணக்கு இப்படி. ஒரு சிலிண்டர் தள்ளும் அளவு 461 சிசி. எனக்கு வேண்டியது 11-க்கு 1 கம்ப்ரஷன். பம்பில் கிடைக்கும் 99 ஆக்டேனுக்கு அதுவே போதும். அப்படியென்றால் பிஸ்டன் மேலே வந்தபின் மிச்சம் இருக்க வேண்டிய இடம் 46 சிசி. அதில் நசுங்கிய கேஸ்கெட் ஏறக்குறைய 5 சிசி எடுத்துக்கொள்ளும், பிஸ்டன் பிளாக் முகத்துக்குக் கால் மில்லிமீட்டர் கீழே நிற்பது 1.3 சிசி. அறைக்கு மீதி 40 சிசி-க்குக் கொஞ்சம் கீழே. அந்த அளவு வரும் வரை ஹெட் முகத்தைச் சீவினோம். சீவினதால் ராக்கர் ஷாஃப்ட் பிளாக்குக்குக் கிட்டே இறங்கிவிடும், புஷ்ராடு தன் பழைய நீளத்தில், வால்வை அழுத்தும் ராக்கரைக் கோணலாகத் தள்ளும். தாங்கிகளுக்கு அடியில் ஷிம் வைத்துச் சரி செய்தேன்.

கேமும் டேப்பெட்டும்

சாதாரண எம்ஜிபி கேம், கிராங்க் 252 டிகிரி சுற்றும் வரை வால்வைத் திறந்து வைக்கும். இன்லெட் மேல்முனைக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) 16 டிகிரி முன்னே திறந்து, கீழ்முனைக்கு 56 டிகிரி கழித்து மூடும். வால்வு எழும்புவது 9.25 மிமீ. நான் போட்டது 290 டிகிரிக்குப் பக்கம். இதைவிட நீளமான கேம்கள் விலைப்பட்டியலில் இருக்கின்றன. மேலே சொன்ன இளநீர்ச் சண்டைதான் என்னைத் தடுத்தது.

கேமோடு வந்த டேப்பெட்டுகளை (கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே உட்காரும் உருளைகள்) நான் போடவில்லை. நல்ல டேப்பெட்டின் அடிமுகம் தட்டையாகத் தெரிந்தாலும் மிக மெல்லிதாகக் குவிந்திருக்கும்; கேமின் முகம் லேசாகச் சரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து டேப்பெட்டை ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் சுழல வைக்கும். சுழலாத டேப்பெட் ஒரே கோட்டில் உரசி, கேமைச் சீக்கிரத்தில் சீவிவிடும். இரண்டு டேப்பெட்டை முகத்தோடு முகம் வைத்து விரலால் ஆட்டினால் மெதுவாக ஊஞ்சலாட வேண்டும். வந்த செட்டில் பாதிக்கு மேல் ஆடவே இல்லை. அரத்தின் நுனியால் உரசிப் பார்த்தால் ஒன்றிரண்டு சுலபமாகக் கீறவும் செய்தன. வேறு இடத்திலிருந்து வாங்கிய செட் சரியாக இருந்தது. விலையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாத காலம் இது. மறுஉற்பத்திப் பொருள் எதுவானாலும் கையில் வாங்கி அளந்து பார்க்காமல் உள்ளே போடாதீர்கள்.

கேம் டைமிங்குக்கு டிகிரி தட்டு கிராங்கில், டயல் கேஜ் புஷ்ராடின் தலையில். மேல்முனையை முன் புல்லியின் கோட்டை நம்பி எடுக்கக் கூடாது. பழைய புல்லியின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும், வயதாகும்போது நகர்ந்துபோகும். பிஸ்டனை ஓர் இடத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சுற்றி அது முட்டும் இடத்தின் நடுவை எடுத்தால்தான் உண்மையான மேல்முனை. கேம் செய்தவர் சொன்னது, மேல்முனைக்கு 106 டிகிரி கழித்து இன்லெட் முழுதாகத் திறக்க வேண்டும் என்று. செயின் சக்கரங்களைப் புள்ளிக்குப் புள்ளி வைத்து மாட்டியபோது 110-ல் நின்றது. சக்கரத்தைச் சற்றே நகர்த்தி உட்கார வைக்கும் ஆஃப்செட் கீ ஒன்று போட்டு 106-க்கு இழுத்தேன்.

அப்புறம் பிஸ்டன் தலையில் களிமண். ஹெட்டை மாட்டி, இரண்டு சுற்று கையால் சுற்றி, கழற்றி, அழுந்திய களிமண்ணைப் பிளேடால் வெட்டி அளந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் என்று தெரியும். இன்லெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு இரண்டு. அதற்குக் கீழே போக நான் தயாரில்லை. வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் ஒரு மில்லிமீட்டராவது இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

டேப்பெட் இடைவெளி பற்றி மாமாவின் வாக்கு: "சத்தம் கேக்கட்டும் மாப்ள. சத்தம் கேக்காத டேப்பெட்டுதான் வால்வை எரிக்கும்." எம்ஜிபி கையேட்டிலும் 15 தவ் என்று தாராளமாகத்தான் போட்டிருக்கிறது. இந்த கேமுக்கு அதைவிட ஒரு தவ் கூட.

மாட்டி முடித்து ஓட விட்டது

45 டிசிஓஇ வெப்பர், அதன் இரண்டு தொண்டையும் ஆளுக்கு ஒரு வாய்க்கு. 38 மிமீ சோக் (தொண்டையின் குறுகலான இடம்). எக்ஸாஸ்டுக்கு மூன்று குழாய் ஒன்றாகச் சேரும் மேனிஃபோல்டு. மூன்று வாய் இருக்கும் ஹெட்டுக்கு நான்கு குழாய் போட வழியில்லை. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்று மறைப்பாக. லூகாஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் பகுதியைக் கழற்றிவிட்டு, எடைகளின் ஓட்டத்தை மாற்றி, 4,000 சுற்றுக்கு மேல் மேல்முனைக்கு மொத்தம் 32 டிகிரி முன்னே தீப்பொறி.

முதல் ஓட்டத்துக்கு முன்னால் பிளாக்கின் பின்புறம் ஆயில் கேஜ் குழாய் மாட்டும் துளை வழியாக, அழுத்தத்தோடு எண்ணெயைத் தள்ளி எல்லாப் பாதையையும் நிரப்பினேன். இன்ஜின் பிடித்தவுடன் 2,000-லிருந்து 2,500 சுற்றுக்குள் இருபது நிமிடம், ஐடிலுக்கு விடாமல். கேமும் டேப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகுவது அந்த நேரத்தில்தான். ஐடிலில் கேமுக்கு மேல் எண்ணெய் போதாது. துத்தநாகம் அதிகமுள்ள 20டபிள்யூ-50 எண்ணெய் இதற்கென்றே. இன்றைய கார்களுக்கான மெல்லிய எண்ணெய் தட்டை டேப்பெட்டுக்கு எதிரி.

சக்தியை அளக்கும் டைனோவில் 6,100 சுற்றில் 143 குதிரைத் திறன். ஷோரூமிலிருந்து வந்தபோது இந்த இன்ஜினுக்குச் சொல்லப்பட்டது 5,400-ல் 95. இதைவிட அதிகம் எடுக்கும் எம்ஜிபி இன்ஜின்கள் உண்டு. எனக்குப் பிடித்தது டார்க் (முறுக்கு விசை) கோடு: 3,500-லிருந்து 5,500 வரை பெரிதாக விழவே இல்லை. சுற்று மேலே ஏறிய பிறகு சூடான எண்ணெயின் அழுத்தம் 60 பிஎஸ்ஐ-க்குக் கீழே வரவில்லை. நான் கேஜில் கண் வைத்திருந்தது அதற்காகத்தான்.

வெப்பரில் 4,200-க்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருந்தது. ஏர் கரெக்டர் ஜெட்டை ஒரு படி மாற்றியதும் போய்விட்டது. பிளக்குகளைப் பார்த்தால் ஜோடிக்குள் நிற வித்தியாசம் இன்னும் தெரிகிறது. அதை இந்த ஹெட்டில் முழுதாகப் போக்க முடியாது. வறட்சியாக எரியும் சிலிண்டரைக் கணக்கில் வைத்து மெயின் ஜெட்டைத் தேர்ந்தெடுத்தேன், மற்றது கொஞ்சம் பெட்ரோலை வீணாக்கட்டும்.

இன்ஜின் முழுதாக ஆறியபின் ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி 50 பவுண்டு-அடிக்கு இறுக்கி, டேப்பெட்டைச் சரிபார்த்தேன். ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்ததில் ரிங் உரசிய நுண்ணிய சாம்பல் நிறத் தூள் மட்டுமே இருந்தது, பேரிங்கின் மினுமினுப்பு எதுவும் இல்லை. இரண்டாவது பந்தயம் முடிந்ததும் சம்ப்பை இறக்கி 2-ஆவது, 3-ஆவது பிக் எண்ட் பேரிங்குகளைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். சம்ப் கேஸ்கெட் இரண்டு செட் வாங்கி வைத்தாயிற்று.